கனவுக்குப் பென்சிலால் கீறிய கட்டம்

பூநகரிப் பக்கத்தில் எங்கள் நிறுவனம் மிதிவெடி அகற்றி வந்த நிலம் இந்த வருடத்தோடு முடிகிறது. தளத்தை மூடுவதற்கு முன் சிறிய நினைவு மலர் ஒன்று அச்சிடுகிறார்களாம். இப்போது அங்கே பிரிவுத் தலைவியாக இருக்கும் சுகந்தி, இரண்டு மாதத்துக்கு முன் உருத்திரபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"மலரக்கா, பதினாறு வரியம் நிண்டனீங்கள். ஏதும் எழுதித் தாங்கோ. அழுவாரி மாதிரி வேண்டாம். சந்தோசமா நாலு விசயம்."

கையோடு கொண்டுவந்த புதுக் கருவியையும் காட்டினாள். காலையில் ஒவ்வொருவரையும் கேட்டுக் கடுதாசியில் நிரப்பிய படிவம் இப்போது அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் இருக்கிறது. பெயர், இரத்த வகை, உடல்நலம். விரலால் தொட்டால் பச்சை நிறத்தில் ஒரு சரி விழுகிறது. நான் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"நித்திரை எங்க?"

"அது உடல்நலத்துக்குள்ள வரும் அக்கா. ஒரு சரி போட்டால் காணும்."

"கனவு?"

சுகந்தி சிரித்தாள். "கனவோ? அதை இப்ப ஆர் கேக்கினம்?"

சிரித்ததில் பிழையில்லை. அவள் வேலைக்கு வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டவர் போய்விட்டார். அவர் எப்படிப் போனார் என்பது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் போனார் என்பதில் ஒரு பாதி எனக்கும் என்னோடு வேலை செய்த செல்வராணிக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். சுகந்தி கேட்ட சந்தோசமான நாலு விசயத்துக்குப் பதிலாக அந்தப் பாதியைத்தான் எழுதுகிறேன். என் மகள் நிலானி எட்டு மாதமாக அதே தளத்தில் வேலை செய்கிறாள். தினமும் காலையில் அந்தப் பச்சைச் சரிகளில் ஒன்று அவளுடையது.

நான் சேர்ந்தபோது நிலானிக்கு ஐந்து வயது. இடம்பெயர்ந்து திரும்பி வந்திருந்த காலம், வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை. உயர்தரம் படித்திருந்ததால் எடுத்தார்கள். சில வாரப் பயிற்சி. மண்ணைப் பார்க்கவும், முழங்காலில் நிற்கவும், தலைக்கவசத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வியர்வையோடு மூச்சு விடவும் பழகினேன். ஒரு மீற்றர் அகலப் பாதை ஒன்றைத் தந்து, இது உன்னுடையது என்றார்கள். அந்த ஒரு மீற்றருக்குள் என் வயதில் பெரும் பங்கு போய்விட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் தவராசா ஐயா. வவுனியாக்காரர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "நீர்" என்பது "நீங்கள்" ஆகிவிடும், அதற்கே நடுங்குவோம். பாதையைப் பார்க்க வந்தால், துப்புரவாக்கிய எல்லையைக் காட்டும் தடிக்கு ஒரு சாண் பின்னால் சப்பாத்து நுனியை வைத்துத்தான் நிற்பார். மழை ஈரத்தில் அவருடைய சப்பாத்து அடையாளங்களைப் பார்த்தால் கோடு கீறி வைத்தது போல இருக்கும்.

காலை ஆறரைக்கு அவர் எங்களை வரிசையில் நிறுத்துவார். ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்து ஒரே தொனியில் கேட்பார்.

"இரத்த வகை?"

"ஓ பொசிட்டிவ், ஐயா."

"மருந்து ஏதும் குடிச்சனீரோ?"

"இல்லை ஐயா."

"எத்தினை மணித்தியாலம் நித்திரை?"

"ஆறு, ஐயா."

"கனவு?"

கடைசிக் கேள்வி படிவத்தில் இருந்ததல்ல. படிவத்தின் வலது ஓரத்தில் அவரே பென்சிலால் கீறிய கட்டம் அது. என்ன கனவு என்று கேட்கமாட்டார். விளக்கம் சொல்லமாட்டார். கெட்ட கனவு என்று சொன்னால் கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று போட்டுவிட்டு, "இண்டைக்கு நீர் வெளியில" என்பார். வெளியில் என்றால் வெடிநிலத்துக்குள் போகாமல், கட்டுப்பாட்டு இடத்துக் கொட்டிலில் இருந்து தடிகளுக்கு நிறம் அடிப்பது. துப்புரவான நிலத்துக்கு வெள்ளைத் தடி, ஆபத்தான நிலத்துக்குச் சிவப்பு நுனித் தடி.

நல்ல ஏற்பாடுதான். அதைக் கெடுத்தது அந்தச் சிவப்பு நிறம். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். பின்னேரம் வாகனத்தில் ஏறும்போது எல்லோருடைய கண்ணும் கைக்குப் போகும்.

"என்னடி, இரவு முழுக்கப் படம் பாத்தனியோ?"

"ரிக்கெற் இல்லாமல் பாத்திருப்பாள்."

"பயந்த பிள்ளைக்கு ஆரும் நூல் கட்டி விடுங்கோ!"

பகிடிதான். ஆனால் ஒரு மாதத்தில் இரண்டு முறை வெளியில் இருந்தால் கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு, மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள். வாகனத்தில் தெரிந்தது அடுத்த நாள் கிராமத்தில் தெரியும். அதனால் கனவு என்ற கேள்விக்கு எங்களில் பெரும்பாலானோர் சொன்ன பதில் "இல்லை ஐயா" என்பதுதான். நானும் அப்படித்தான். பொய் என்று தோன்றாதபடி அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தோம்.

அந்த வழியைக் கொண்டுவந்தவள் செல்வராணி. அவளுடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவள் இங்கே பிறந்தவள்தான், ஆனாலும் தாயின் பேச்சு வாயை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலி இருக்குமாம். கெட்ட கனவு கண்டால், மனிதரிடம் வாய் திறக்கும் முன் பீலியடிக்குப் போய் ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டுமாம். தண்ணீர் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு அது கண்ட கனவல்ல.

"வன்னியில பீலிக்கு எங்க போறது?" என்று நான் கேட்டேன்.

"அதான் தண்ணி பவுசர் இருக்குல்லக்கா. பைப்பத் தொறந்தா தண்ணி ஓடுதா இல்லையா?"

"கனவு பவுசருக்குள்ள போனால், அதைக் குடிக்கிறது நாங்களெல்லோ?"

"கீழ போறதுக்கா, மேல ஏறாது!"

முதலில் சிரித்தோம். சில மாதங்களில் காலையில் தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் வரிசை நின்றது. போத்தலை நிரப்புவது போலக் குனிந்து, குழாயைத் திறந்து, உதட்டை அசைத்துவிட்டு வந்து வரிசையில் நின்று "இல்லை ஐயா" என்போம். தண்ணீர் ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது என்று ஐயா ஒருமுறை சாரதியிடம் விசாரித்தார்.

ஒருமுறை கிளிநொச்சியிலிருந்து ஒரு டொக்டர் வந்து வகுப்பு எடுத்தார். மனிதர் ஏன் கனவு காண்கிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். திட்டமாக ஒருவருக்கும் தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பகலில் கண்டதில் எதை வைப்பது, எதை விடுவது என்று மூளை தரம் பிரிக்கிறது என்று சிலர் சொல்கிறார்களாம். வரப்போகும் ஆபத்துக்கு ஒத்திகை பார்க்கிறது என்று சிலர். ஒரு காரணமும் இல்லை, அடுப்பு அணைந்த பிறகும் இருக்கும் சூடு போன்றது என்று இன்னும் சிலர். ஐயா பின்னால் கதிரையில் இருந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனி அந்த இரண்டு நாட்கள்.

நான் பிரிவுத் தலைவியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நிலத்தில் தகரத் துண்டுகளும் துப்பாக்கிச் சன்னக் கோதுகளும் நிறைந்திருந்ததால் உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும். அதனால் விறாண்டியால்தான் வேலை. நீண்ட பிடி போட்ட இரும்பு விறாண்டியால், முன்பக்கமிருந்து, மண்ணை விரற்கடை விரற்கடையாக இழுத்து இறக்குவோம். மேலிருந்து குத்தக்கூடாது. மிதிவெடியின் பக்கவாட்டைத்தான் முதலில் காண வேண்டும். மணலில் இது சுகம். பனை வேர் வந்தால்தான் கரைச்சல். கயிறு கயிறாகப் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, வேருக்குக் கீழே உள்ள மண்ணையும் இழுத்துப் பார்த்துத்தான் வெள்ளைத் தடி ஊன்ற வேண்டும்.

செல்வராணியின் பாதை ஒரு பனையடிக் கட்டையை ஒட்டிப் போனது. பின்னேரம் வேலை முடியும் நேரத்தில் அவள் கடைசி வெள்ளைத் தடியை ஊன்றினாள். "முடிஞ்சுதோ?" என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சுக்கா" என்றாள். வாகனம் கூப்பிட்டது. நான் கட்டையடிக்குப் போய்க் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியது என் வேலை.

மறுநாள் காலை பவுசரடியில் அவளுக்குப் பின்னால் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டு அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேரு என் கையப் புடிச்சு இழுக்குது. விட்டுட்டு வீட்டுக்குப் போறேன். வீட்டுலயும் விறாண்டி கையிலயே இருக்குது. கீழ வைக்க முடியல."

திரும்பியவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்லிராதீங்க. இந்த மாசம் ஒரு தடவ வெளிய இருந்திட்டேன். இன்னொரு தடவைன்னா ஆசுபத்திரி. எங்க வீட்டுக்காரரு வேலையையே விடச் சொல்லுவாரு."

"வேர் சரியா வெட்டினனியோ?"

"வெட்டுனேன்க்கா. வெட்டாம வருவேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. வெட்டியதாகத்தான் நம்பினாள். நானும் அதை நம்பினேன், அல்லது நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வரிசையில் ஐயா வந்தார். "கனவு?" என்றார். செல்வராணி "இல்லைங்கய்யா" என்றாள். அவர் பென்சிலோடு என்னைப் பார்த்தார். பிரிவுத் தலைவியிடம் உறுதி கேட்பது அவருடைய வழக்கம்.

"மலர்?"

"இல்லை ஐயா."

அன்று முதல் வேலை, முடித்த பாதையைத் தரம் பார்ப்பது. மேற்பார்வையாளர் உள்ளே போய், தான் விரும்பிய இடத்தில் மண்ணை மறுபடி இழுத்துப் பார்ப்பார். ஐயா வெள்ளைத் தடிகளுக்கு நடுவே நடந்து போனார். கட்டையடியில் குனிவதற்காக இடது காலை ஓரமாக வைத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. பெரிய கதவொன்றைக் காற்று அடித்துச் சாத்தியது போல இருந்தது. பிறகு புழுதி. பிறகு விசில்.

விசில் கேட்டால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஓடக்கூடாது. ஒரு மிதிவெடி விடுபட்ட பாதையில் இன்னொன்றும் இருக்கலாம். அதனால் அந்தப் பாதையை மறுபடி சோதித்துக்கொண்டுதான் காயப்பட்டவரிடம் போகலாம். சோதித்துப் போக வேண்டியவள் நான். எனக்குப் பின்னால், நான் வைத்த அடியில் அடி வைத்து, முதலுதவிக்காரர்.

ஏழு மீற்றர். விறாண்டி இழுக்க நேரமில்லை, உலோகம் காட்டும் கருவியோடு போனேன்; அது கத்திய இடமெல்லாம் முழங்காலில் இருந்து, சிவப்பு நுனித் தடி ஊன்றி, விலகிப் போனேன். ஐயா பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். இடது சப்பாத்து இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அழவில்லை. நான் இரண்டு மீற்றரை அவசரமாகக் கடந்தபோதுதான் குரல் வந்தது.

"நீங்கள் கெதிப்படுறீங்கள், மலர்."

நீர் என்று அவர் சொல்லவில்லை. நான் நின்றேன். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஒவ்வொரு விரற்கடையாகப் போனேன்.

"வேர்ப் பக்கம் கிட்டப் போகாதேங்கோ. வலப்பக்கத்தால வாங்கோ."

எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிறகு அறிக்கையில் எழுதினார்கள். நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

விசாரணை நடந்தது. வேருக்குக் கீழே மண் இழுக்கப்படவில்லை என்று கண்டார்கள். செல்வராணி ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாள். கனவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பவுசரடியில் நான் நின்றதையும் சொல்லவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எனக்குக் கடிதத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, கடைசிச் சோதனையைச் செய்யாததற்காக. அவள் தன் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை ஏற்றுக்கொண்டு பத்து வருடம் அந்தத் தளத்தில் நின்றேன். புது மேற்பார்வையாளர் பென்சில் கட்டம் கீறவில்லை. அதில் எனக்கு ஆறுதல் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு கண்ட கனவுகளை நான் எந்தக் குழாயிடமும் சொல்லவில்லை. அவற்றில் வெடியே வராது. ஏழு மீற்றர் மட்டும் வரும்.

போன வருடம் முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டன, வேலையை விட்டேன். அடுத்த சில மாதங்களில் நிலானி விண்ணப்பம் போட்டாள். தடுத்தேன்.

"நீங்கள் போகேக்க நான் தடுத்தனானோ?"

"உனக்கு அப்ப அஞ்சு வயசடி."

"இப்ப இருபத்திரண்டு. இன்னும் என்னைக் கேக்கவே மாட்டியள்."

போனாள். அவள் போன நாளிலிருந்து காலையில் அவள் முகத்தைப் பார்ப்பதே எனக்கு வேலை. போன மாதம் ஒரு விடியலில் முற்றத்துக் குழாய் திறந்திருந்த சத்தம் கேட்டது. குசினி யன்னலால் பார்த்தேன். வாளியும் இல்லை, போத்தலும் இல்லை. நிலானி குனிந்து நின்றாள், உதடு அசைந்தது. யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. செல்வராணி போனாலும் அவளுடைய பீலி தளத்தில் நின்றிருக்கிறது.

முழங்கால் வலியோடு இறங்கிப் போய்க் குழாயை மூடினேன்.

"எனக்குச் சொல்லு."

"ஒண்டுமில்லை அம்மா. முகம் கழுவினனான்."

"முகம் காய்ஞ்சு கிடக்கு. சொல்லு."

மூடிய குழாயில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "நிலத்தில நிக்கிற தடியெல்லாம் ஒரே நிறம். எந்தப் பக்கத்தால வந்தனான் எண்டு தெரியேல்லை. மற்றவையிட்டக் கேக்கிறன், அவையின்ர கண்ணாடியில பனிப் புகார் மூடியிருக்கு. இந்தக் கிழமை மூண்டாந்தரம்."

"நேற்று எந்தப் பாதை?"

"நாலாவது. அம்மா, கனவம்மா அது! நாலாவது பாதையும் ஒண்டுமில்லை."

நான் சுகந்திக்கு அழைப்பு எடுத்தேன். நிலானி கையைப் பிடித்தாள். "மானத்தை வாங்காதேங்கோ" என்றாள். சுகந்தி மறுமுனையில் தயங்கினாள்.

"அக்கா, இப்ப அந்தக் கேள்வி இல்லையெல்லோ..."

"நான் கேட்டனான். பதில் வந்திட்டுது. அவளை இண்டைக்கு வெளியில இருத்துங்கோ. நாலாவது பாதையைத் திரும்ப இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்த்தார்கள், கடைசித் தடிவரை. ஒன்றும் இல்லை. சுத்தமான வேலை என்று சுகந்தி பின்னேரம் அழைத்துச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் என்மேல் ஓர் இரக்கம் இருந்தது. நிலானி வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். நகக்கண்களில் சிவப்பு. அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். தவராசா ஐயா வீட்டு வளவில் கதிரையில் இருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார். மீசை முழுதும் வெள்ளை.

"வாரும் மலர். முழங்கால் எப்பிடி?"

தேத்தண்ணி வருவதற்கு முன் சொல்லிவிட்டேன். பவுசர், வேர், விறாண்டி, "இல்லை ஐயா" என்று நான் சொன்னது, எல்லாம். அவர் டொக்டரின் வகுப்பில் இருந்தது போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"பதில் சொல்ல முந்தி நீர் ஒருக்கா செல்வராணியைப் பாத்தனீர்," என்றார். "நான் கண்டனான். பென்சில் கையில இருந்தது. கட்டத்தை வெறுமையா விட்டிட்டுப் போனனான்."

"கண்டிட்டு ஏன் ஐயா உள்ளுக்குப் போனீங்கள்?"

"வெள்ளைத் தடி நிண்டது."

பிறகு நான் கேட்டேன். "ஏன் ஐயா மனிசருக்குக் கனவு வருது? அவளுக்கு வேர் விட்டுப்போனது தெரிஞ்சிருக்கு. என்ர பிள்ளைக்கு ஒண்டுமே விடுபடேல்லை, எண்டாலும் வந்திருக்கு."

"டொக்டருக்கே தெரியாததை என்னட்டக் கேக்கிறீர். நான் அதைக் கனவுக்காகக் கேக்கேல்லை. கனவைச் சொல்லுற ஆள் மற்றதையும் சொல்லும் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான்." தேத்தண்ணியைக் குடித்தார். "ஆனால் சொன்ன ஆளை நிறம் அடிக்க விட்டனான். அது என்ர பிழை. அதுக்குப் பிறகு ஆர் சொல்லுவினம்?"

வெளிக்கிடும்போது "நித்திரை எப்பிடி?" என்று கேட்டார். ஏழு மீற்றர் கனவைச் சொன்னேன். தலையாட்டினார். சட்டைப் பையில் பென்சில் இல்லை.

ஐந்தாம் நாள் காலை நிலானி குசினிக்குள் வந்தாள். வேலைச் சீருடை, வாரிக் கட்டிய தலை. நாலு நாளுக்குப் பிறகு அவளாகவே வாய் திறந்தாள்.

"அம்மா, இண்டைக்குக் கனவு இல்லை."

"சரி பிள்ளை. கவனமாப் போட்டு வா."

வாகனம் ஒழுங்கை முனையில் திரும்பும் வரை நின்றேன். பிறகு முற்றத்துக்கு இறங்கினேன். அவள் முகம் கழுவியிருக்கலாம். போத்தல் நிரப்பியிருக்கலாம். குழாயடிச் சீமெந்து ஈரமாக இருந்தது.